வி.பி.என். கிடைக்காத வாரம்

திங்கட்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்து வி.பி.என்.-ஐ அழுத்தினேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, இணைக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடியும் அழுத்தினேன். அதே வட்டம், அதே வரி.

நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்குரிய குறியீட்டைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கம்பெனி சென்னையில். நான் இருப்பது மதுரை ஆனையூரில், ஒரு வாடகை வீட்டின் மாடியில். நோயாளிகளின் விவரம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதால், வீட்டு இணையம் வழியாகவே ஆனாலும் ஆபீசுக்கென்று தனியாகப் போட்ட ஒரு மூடிய பாதையில்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பாதைதான் வி.பி.என். அது திறக்காவிட்டால் ஆபீசைப் பொறுத்தவரை நான் அன்றைக்கு லீவு.

ரூட்டரை அணைத்துப் போட்டேன். மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். செய்தித் தளங்கள் திறந்தன, யூடியூப் ஓடியது, வங்கிக் கணக்கு திறந்தது. ஆபீஸ் மட்டும் திறக்கவில்லை. டீம் லீடரைக் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

"மேம், மத்த எல்லாருக்கும் கனெக்ட் ஆகுது. உங்களுக்கு மட்டும்தான் இப்படி. ஐ.டி.க்குக் கம்ப்ளெய்ன்ட் டிக்கெட் போட்டுடுங்க" என்றாள்.

மதியம் என் கணவர் வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் அவருக்கு வேலை. விடியும் முன்பே கிளம்பிப் போய்ச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார். கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், "வி.பி.என். வரமாட்டேங்குதுங்க. காலையிலருந்து ஒரு வேலையும் ஓடல" என்றேன்.

"என்னது வரல?"

"வி.பி.என். ஆபீசுக்குள்ள போற லைன்."

குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு சிறிது நேரம் அப்படியே நின்றார். "நெட்டு வருதுல்ல?" என்று கேட்டார்.

"அதெல்லாம் வருது. இது மட்டும்தான் வரல."

"அப்ப கம்பெனிக்காரங்க பக்கந்தான் ஏதாச்சும் இருக்கும். கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வழக்கமாகச் சாப்பிடும்போது மார்க்கெட் கதை ஏதாவது சொல்வார். அன்று எதுவும் சொல்லவில்லை. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீசின் கணினிப் பிரிவிலிருந்து ஒரு பையன் பேசினான். பொறுமையானவன். வி.பி.என்.-ஐ அழித்து மறுபடி ஏற்றச் சொன்னான். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தான். கணினியின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். எதற்கும் மசியவில்லை. கடைசியில், "மேம், வீட்டு வைஃபையை விட்டுட்டு உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு ட்ரை பண்ணுங்க" என்றான்.

போட்டேன். வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றியது, பச்சை விளக்கு வந்துவிட்டது. எனக்கு வாயெல்லாம் சிரிப்பு.

அவன் சிரிக்கவில்லை. "அப்போ லேப்டாப்ல பிரச்சனை இல்ல மேம். உங்க வீட்டு லைன்லதான் ஏதோ தடுக்குது. ரூட்டர் செட்டிங்ஸ் பேஜைத் திறந்து எனக்குக் காட்ட முடியுமா?"

ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் பாஸ்வேர்டு இருந்தது. அதைப் போட்டால் தவறு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் பார்த்து நிதானமாக மறுபடி போட்டேன். தவறுதான். "யாரோ மாத்தியிருக்காங்க மேம். வீட்ல கேட்டுப் பாருங்க" என்றான்.

மதியம் கணவரிடம் கேட்டேன். "ரூட்டரு பாஸ்வேர்ட நீங்க ஏதும் மாத்துனீங்களா?"

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம்? லேப்டாப்பு பழசாயிருச்சுல்ல, அதான் மக்கர் பண்ணுது."

"ஹாட்ஸ்பாட்ல நல்லா வருதுங்க. லேப்டாப்புல ஒன்னும் இல்ல."

"அப்ப ஹாட்ஸ்பாட்லயே பாரேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பது சொல்வதுபோல் அவ்வளவு எளிதில்லை. எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் சரியாக எடுக்காது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் இருந்த மடிக்கணினி அடுப்பாகக் கொதித்தது. நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்தினேன். பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வந்த பெண், "என்னக்கா, வீட்டுல சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு நாளைக்கான டேட்டா மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வேலை நத்தையாக ஊர்ந்தது.

அப்போதுதான் புதன்கிழமை மாலை மகள் மாடிக்கு ஏறி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளிடம் இருப்பது என் பழைய போன். அதில் சிம் கிடையாது, வீட்டு வைஃபையில் மட்டும் ஓடும். "ம்மா, உன் ஹாட்ஸ்பாட்டக் கொஞ்ச நேரம் தாரியா? அஞ்சே நிமிஷம்" என்றாள்.

"எனக்கே இல்லாமக் கெடந்து அல்லாடுறேன். வீட்டு வைஃபைதான் வருதுல்ல, அதுல பாரு போ" என்றேன்.

அவள் போனை மூடிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

டீம் லீடர் மறுபடி கூப்பிட்டாள். "மேம், நீங்க முடிச்ச ஃபைல் கவுன்ட் ரொம்பக் கம்மியா இருக்கு. ஹாட்ஸ்பாட் போட்டு வேலை பார்க்குறதும் ரூல்ஸ்படி கூடாது. இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உட்காரச் சொல்லுவாங்க. என்னால ஒன்னும் பண்ண முடியாது மேம்."

இந்த வேலை எனக்குச் சும்மா கிடைத்ததில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தி, நாற்காலியில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குவதை அவர்கள் இன்னமும் முழுதாக நம்பவில்லை. சென்னைக்குப் போனால் வாடகை, சாப்பாடு, இங்கே மகளின் படிப்பு. போகாவிட்டால் வேலை இல்லை. அன்று கணவருக்கு எதிரிலேயே, போனில் அந்தச் சின்னப் பெண்ணிடம் கெஞ்சினேன். "இன்னும் ரெண்டே நாள் குடும்மா, எப்படியாச்சும் சரி பண்ணிர்றேன்." அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை எங்கள் பகுதிக்கு இணைய இணைப்புத் தருகிற ஆளைக் கூப்பிட்டேன். காலையிலேயே வந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். நான் சொன்னதைக் கேட்டதும் ரூட்டரைத் தொடாமல் தலையைச் சொறிந்தார்.

"அண்ணங்கிட்டக் கேட்டீங்களாக்கா?"

"எதுக்கு அவருகிட்டக் கேக்கணும்?"

"இல்லக்கா… போன வாரம், சனிக்கிழமை அண்ணந்தான் என்னையக் கூப்பிட்டு மாத்தச் சொன்னாரு."

"என்னத்த மாத்தச் சொன்னாரு?"

அவர் சங்கடத்தோடு சொன்னார். மகளுடைய போனில் வீடியோ கால், சாட் எதுவும் ஓடாதபடி தடுக்கச் சொல்லி என் கணவர் சில வாரங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார். இவரும் செய்து கொடுத்திருக்கிறார். மகள் ஒரு இலவச வி.பி.என். ஆப்பை இறக்கி அந்தத் தடுப்பைத் தாண்டிவிட்டாள். அதைக் கண்டுபிடித்த கணவர் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். "வி.பி.என்.னு இருக்குறது அம்புட்டையும் பூட்டிரு, பாஸ்வேர்டயும் மாத்திருன்னாருக்கா. உங்க ஆபீசும் அது வழியாத்தான் போகுதுன்னு எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காது."

போன வாரம் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை மதியம், கை கழுவுகிற இடத்தில் நான் அந்த மூன்று எழுத்தைச் சொன்ன நிமிடத்திலிருந்து தெரியும்.

"அந்தப் பூட்ட எடுத்துவிடுங்க" என்றேன்.

"அண்ணங்கிட்ட ஒரு வார்த்த…"

"எடுத்துவிடுங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் தன் போனில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானைத் தள்ளினார். அவ்வளவுதான். மடிக்கணினியில் வட்டம் சுற்றிப் பச்சை வந்தது. நான்கு நாட்களாக எதற்காக அல்லாடினேனோ அது வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அன்று காலை ஒரு குறிப்பைக்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை.

மதியம் கணவர் வந்ததும் சோறு வைக்கவில்லை. "இன்டர்நெட்காரரு வந்துட்டுப் போனாரு" என்றேன்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. "சொல்லிரலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் சென்னைக்குப் பெட்டி கட்டுனதுக்கப்புறமா? நீங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போதுதான அந்தப் புள்ளகிட்டக் கெஞ்சுனேன்?"

"பூட்ட எடுத்தா அவ மறுபடி பேச ஆரம்பிச்சிருவா. எடுக்காட்டி உன் வேல போகுது. எனக்கு ஒன்னுமே ஓடல."

"யார்கூடப் பேசுறா?"

"தெரியல. நான் உள்ள வந்தா போனக் கவுத்து வச்சுர்றா. கதவச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேச்சு. அழுகை வேற. எவனோ ஒருத்தன். வேற என்ன?"

"அப்படியே இருக்கட்டும். அவகிட்ட உக்காந்து கேட்டீங்களா? எங்கிட்டச் சொன்னீங்களா? அத விட்டுட்டு ரூட்டரப் பூட்டுனா எல்லாம் நின்னுருமா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம மாதிரி ஆயிருவாளோன்னு பயந்துட்டேன்."

நம்ம மாதிரி. இவர் வீடு மதுரைக்கு மேற்கே. பாசன வயலும் தோப்புமாக வாழ்கிற குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் நகரத்துக் கல்லூரியில் பழகி, இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று இவருடைய அண்ணன் ஆட்களோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எங்களைத் தேடினார். ஜன்னல் ஓரம் நான் குனிந்து உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் பஸ் நகர்ந்துவிட்டது. அன்றோடு அந்த வீட்டுக்கும் இவருக்கும் பேச்சு இல்லை. இவரும் அவர்களைப் பற்றிப் பேச மாட்டார், எங்களையும் பேச விடமாட்டார்.

"நம்ம மாதிரின்னா? என்னையக் கட்டுனது தப்புன்னு இத்தன வருசம் மனசுல வச்சிருந்தீங்களா?"

"ஐயோ, அதில்லடி." எழுந்துவிட்டார். "நமக்கு உசுரு தப்பிச்சது. அன்னைக்கு அந்த பஸ்ஸு ரெண்டு நிமிஷம் லேட்டாயிருந்தா? எத்தன பேரு தப்பிக்கல, நீயும் நானும் பேப்பர்ல படிக்கத்தான செய்யுறோம்? எம் மகளுக்கு அந்த மாதிரி ஒரு நாளு வேணாம்."

அந்தப் பயம் எனக்கும் தெரியும். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் 'நம்ம மாதிரி' என்று அவர் வாயிலிருந்து வந்த விதம் நெஞ்சுக்குள் தைத்துக்கொண்டது. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் சாப்பிட்டாரா என்று எழுந்து வந்து பார்க்கவில்லை.

மகள் கல்லூரி முடிந்து சாயங்காலம் வந்தாள். அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தோம். அவள் நேராகத் தன் அறைக்குப் போனாள். சிறிது நேரத்தில் அந்தப் பழைய போனில் செய்தி வரும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்றில்லை, விடாமல் வந்துகொண்டே இருந்தது. பிறகு சத்தமே இல்லை.

வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, பெரியப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருந்தாங்களாம்."

"எந்தப் பெரியப்பா?" என்றார் அவர்.

அவளுக்கு இருப்பதே ஒரு பெரியப்பாதான். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

மகள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கல்லூரியில் சேர்ந்த நாளில் இவர் வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வாசலில் நின்ற கடைசி வருட மாணவி ஒருத்தி, தன் அப்பா எதற்கு இங்கே வந்தார் என்று திகைத்து ஓடி வந்திருக்கிறாள். அண்ணனும் தம்பியும் அப்படி ஒரே சாயல். அதற்குள் இவர் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் என் மகளிடம் ஊரைக் கேட்டு, அப்பா பெயரைக் கேட்டு, தான் யார் என்று சொல்லியிருக்கிறாள். பெரியப்பா மகள். அந்த வருடம் முழுவதும் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் மூச்சு விடவில்லை. அவள் படிப்பு முடிந்து ஊருக்குப் போன பிறகு பேச்செல்லாம் போனில்தான்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? அந்த வீட்டு ஆளுகன்னாலே அப்பா எந்திரிச்சுப் போயிர்றாரு. உனக்கும் முகம் மாறிருது. அக்கா பாவம்மா. அவளுக்குக் கூடப் பொறந்தவங்கன்னு யாரும் இல்ல. எங்கிட்டப் பேசுனா அழுதுருவா, எனக்கும் அழுகை வந்துரும்."

இவர் கையை நீட்டினார். மகள் போனைக் கொடுத்தாள். அவர் படிக்கப் படிக்க நானும் பின்னால் நின்று படித்தேன். திங்கட்கிழமை அனுப்பியது முதலில் இருந்தது. 'அப்பாவுக்கு நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டு வந்திருக்கோம்.' அடுத்தது, 'எங்க இருக்க? ஏன் பேச மாட்டேங்குற?' அதற்கும் அடுத்தது, 'சித்தப்பாகிட்டச் சொல்லு. எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. அப்பா மயக்கத்துல சித்தப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு.' ஆஸ்பத்திரியின் பெயர், மாடி, அறை எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போனால் அதிக நேரம் ஆகாது. கடைசிச் செய்தி அன்று காலையில் அனுப்பியது. 'நேத்தே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இப்ப பரவால்ல. நீ சொல்லியிருக்க மாட்டன்னு தெரியும். கோவமில்ல.'

அவர் அதைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிப் படித்தார். பிறகு போனை மகள் கையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. மகள், "அப்பா" என்று கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொள்ளவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடியே சொல்ல வேண்டும். அந்த அண்ணனுக்காக எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அவர் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒரு முகம். அந்த மனிதர் மயக்கத்தில் தம்பியைக் கூப்பிட்டார் என்பதை என் மனம் ஏற்றுக்கொள்ளவே இல்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துத்தான் கலங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, பதில் வராத போனைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்.

மகள் அவளைக் கூப்பிட்டாள். ஒரு முறை மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள். இவர் வாங்கிப் பேசினார். "நான்தான்மா. சித்தப்பா." அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதேதோ பேசியது கேட்டது. "அப்பாகிட்டக் குடுக்கவா சித்தப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. படுத்திருக்கட்டும். நான் வாரேன்" என்றார்.

வாரேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, மறுநாளும் அதற்கு மறுநாளும் போகவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். எங்களுக்குள் தேவைக்குத்தான் பேச்சு. ஒருமுறை, "நான் செஞ்சது தப்புத்தான்" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆபீசில் என் வேலை தப்பித்தது. குறைந்துபோன கணக்கை ஈடுகட்ட அடுத்த வாரமும் கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. மகளுக்கு ஒரு சிம் வாங்கிக் கொடுத்தேன். அவரிடம் கேட்டுவிட்டு வாங்கவில்லை. வாங்கிய பிறகு சொன்னேன், தலையாட்டினார். மகள் இப்போது கதவைச் சாத்தாமல் பேசுகிறாள். ஆனால் அப்பா கூடத்தில் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். அது இன்னும் மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஊருக்குப் போறேன்" என்றார். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. "நானும் வரட்டுமாப்பா?" என்று மகள் கேட்டாள். "இன்னைக்கு வேணாம்" என்றார். என்னைப் பார்த்தார். நான் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை, போய் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. வாசல் வரை போய் நின்றேன்.

அவர் திரும்பி வரும்வரை எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. அந்த ஊரில் அவரை என்ன செய்வார்கள், யார் யார் இருப்பார்கள் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் அக்காவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். "வந்துட்டாராம்மா… வாசல்ல நிக்கிறாராம்… பேசுறாங்களாம்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். முழுச் செம்பையும் குடித்தார்.

"உள்ள வான்னு சொல்லல" என்றார். "வாசல்ல நாற்காலி போட்டாங்க. அண்ணன் மெலிஞ்சு போயிட்டாரு. பிள்ள என்ன படிக்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். நல்லாப் படிக்க வையின்னாரு."

"வேற?"

"மார்க்கெட்டுல என்ன வேலைன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான்."

நான் காத்திருந்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

"உன்னையக் கேக்கல" என்றார்.

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் நம்பியிருப்பேன். செம்பை வாங்கி உள்ளே வைத்தேன். குழம்பை மறுபடி சூடாக்கி மூன்று தட்டு எடுத்து வைத்தேன். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் மகள் மெதுவாகக் கேட்டாள், "அடுத்த தடவ எப்பப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். "அம்மாகிட்டக் கேளு" என்றார்.

நான் அன்று பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.